முதலில் தளம், அப்புறம் அடுப்படி

கேள்வி: மொரீஷியஸின் ரோஸ் ஹில்லில் மாமனார் 1960களில் கட்டிய வீட்டில் இருக்கிறோம். ஏப்ரலில் அடுப்படியை இடித்துப் புதிதாகக் கட்ட ஆரம்பித்தோம். ஆகஸ்ட் வந்துவிட்டது, மேஸ்திரி வாரத்துக்கு இரண்டு நாள்தான் வருகிறார். கூரைத் தளம் வேறு ஒழுகுகிறது. மகள் ஆசையாக வளர்க்கும் எட்டுக் கோழிகளும் ஜூன் முதல் முட்டையிடவில்லை. பின்பக்கத் தோட்டத்தில் இடுப்பளவு களை. கோழிகளை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்கிறார் கணவர். எதை முதலில் கவனிப்பது?

பதில்: அன்புச் சகோதரி, கோழிகளைக் கொடுக்க வேண்டாம். தோட்டத்தை நினைத்து வருந்தவும் வேண்டாம். போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அந்தக் கூரைத் தளம்தான் எனக்குக் கவலை.

நவம்பர் பிறந்தால் நமக்குப் புயல் காலம். மே நடுப்பகுதி வரை வானத்தை நம்ப முடியாது. வருடத்திலேயே மழை குறைந்த மாதங்கள் செப்டம்பரும் அக்டோபரும்தான். நீர் புகாமல் தளத்தின்மேல் ஒட்டும் தார் விரிப்பு, தளம் நன்றாகக் காய்ந்திருந்தால்தான் பிடிக்கும். இந்த இரண்டு மாதத்தை விட்டால் அடுத்த வருடம்தான். ஒழுகும் தளத்துக்குக் கீழே புது அலமாரிகளை மாட்டினால் முதல் பெருமழையிலேயே ஊறி உப்பிவிடும். அதனால் அடுப்படி வேலையை நிறுத்திவிட்டு, மேஸ்திரி வரும் அந்த இரண்டு நாளையும் தளத்துக்குக் கொடுங்கள். வேலை முடிந்ததும் நீர் போகும் துளைகளை அடைத்து, நாலைந்து சென்டிமீட்டர் தண்ணீர் கட்டி, 24 மணி நேரம் விட்டுப் பாருங்கள். கீழே கூரையில் ஈரம் தெரியாவிட்டால் துளைகளைத் திறந்துவிட்டு, கடைசித் தவணையைக் கொடுங்கள். இன்னும் இரண்டு மாதம் வாசலில் ஒற்றை காஸ் அடுப்பில் சமைக்கச் சொல்கிறேன். அது எவ்வளவு அலுப்பு என்று எனக்கு நன்றாகவே தெரியும்.

சரி, கோழிகள். சுத்தியல் சத்தத்தில் அவை மிரண்டிருக்கலாம். ஆனால் முட்டை நின்றதற்கு அது மட்டுமே காரணமாக இருக்காது. ஜூனில் நம் ஊரில் குளிர்காலம், பகல் 11 மணி நேரத்தை ஒட்டித்தான் இருக்கும். நன்றாக முட்டையிடக் கோழிக்குப் பதினான்கு மணி நேரம் போல வெளிச்சம் தேவை. குளிர்காலத்தையொட்டி இறகு உதிர்த்துப் புது இறகு போடும் கோழி அந்த வாரங்களில் முட்டையை நிறுத்திவிடும். கூண்டில் இறகு நிறையக் கிடந்ததா என்று மகளிடம் கேளுங்கள். கிடந்திருந்தால் பொறுத்திருங்கள், பகல் நீள நீள முட்டை திரும்பும்.

எனக்குப் பயம் வேறு. உங்கள் வீட்டின் வயதுக்கு, பழைய கதவு ஜன்னல் பெயின்டில் ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு. அதைச் சுரண்டினால் உதிரும் துகளைக் கோழி கொத்தும். ஈயம் முட்டைக்குள் போகும், முட்டை உங்கள் மகளின் தட்டுக்கு வரும். ஆணி, கம்பித் துண்டு, தெர்மோகோல் எதையும் கோழி விட்டுவைக்காது. எங்கள் வீட்டுக் கூடம் கட்டியபோது ஒரு கோழி நாலு நாள் தீனி எடுக்காமல் செத்தது. அறுத்துப் பார்த்தால் வயிற்றில் கட்டுக்கம்பித் துண்டு. மண்குளியலுக்கு அவை தேடிப் போவதும் மேஸ்திரி கொட்டிவைத்த கல்தூள் குவியலைத்தான். ஆகவே வீட்டுப் பக்கம் அவை வரவே கூடாது. லாரி வர வேலியைப் பிரித்திருந்தால் இன்றே கட்டுங்கள். கீரி பகலிலேயே வரும்.

அப்படியானால் கோழிகள் எங்கே போவது? தோட்டத்துக்குத்தான். இரண்டு மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலத்தில் அடி இல்லாத ஒரு கம்பிவலைக் கூண்டு செய்யச் சொல்லுங்கள். கழற்றிப்போட்ட பழைய ஜன்னல் சட்டத்தில் வேண்டாம், அதே பெயின்ட்தான். களையின் மேற்பகுதியை ஒரு தடவை அரிவாளால் வெட்டிவிட்டு, பகலில் கோழிகளைக் கூண்டோடு அங்கே வையுங்கள். நிழலும் தண்ணீரும் இருக்கட்டும். மூன்று நாளுக்கு ஒருமுறை நகர்த்துங்கள். களைக் குருத்து, விதை, பூச்சி, குட்டி நத்தை எல்லாவற்றையும் தின்று, மண்ணையும் கிளறிவிடும். அவகாடோ மரம் இருந்தால் அதனடியில் மட்டும் வைக்காதீர்கள், அந்த இலை பறவைகளுக்கு விஷம். மக்காத பச்சை எச்சம் விழுந்த மண்ணில் டிசம்பர் கடைசி வரை கீரை விதைக்க வேண்டாம்.

கணவரிடம் இதை வைத்துப் பேசுங்கள். அவர் கோழியை வெறுத்துச் சொல்லவில்லை, மேஸ்திரிக்காகக் காத்துக் காத்து அலுத்துப்போய்ச் சொல்கிறார் என்றே எனக்குப் படுகிறது. கூண்டு செய்வதை அவரிடமே விடுங்கள்.

தோட்டத்தில் நீங்கள் உடனே செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. களைக்குள் கிடக்கும் வாளி, டப்பா, சிமென்ட் கலக்கிய டிரம் எல்லாவற்றையும் கவிழ்த்து வையுங்கள். 2006இல் சிக்குன்குனியா வந்து மூட்டுவலியில் கிடந்தவர்கள் உங்கள் தெருவிலும் இருப்பார்கள். அந்தக் கொசுவுக்கு ஒரு டப்பாத் தண்ணீர் போதும்.

அப்புறம், களைக்குள் முருங்கையும் கறிவேப்பிலையும் உயிரோடு இருக்கின்றனவா என்று பாருங்கள். நம் ஊர்க் கிரியோல் மொழியில் ‘கறிபுலே’ என்று எல்லாரும் கேட்டு வாங்கும் அந்தச் செடி சுலபத்தில் சாகாது. இருந்தால், கூண்டு அந்தப் பக்கம் போகுமுன் அடியில் வட்டமாகக் கற்களை அடுக்குங்கள். இல்லாவிட்டால் கோழிகள் வேரைக் கிளறிவிடும்.