ஜேட் செடியின் அடித்தண்டு கொழகொழத்து இலை உதிர்ந்தால்

சென்னை ராயபுரத்தில் வளர்க்கும் ஜேட் செடியின் இலை மஞ்சளாகி உதிர்கிறது, அடித்தண்டும் கொழகொழக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். தண்ணீர் ஊற்றுவதை இன்றே நிறுத்துங்கள். நீங்கள் சொல்லும் மஞ்சள் இலையும் கொழகொழத்த அடித்தண்டும் வேர் அழுகல்தான். உரம் போட்டுத் தேறாது. பெரும்பாலும் காரணம், செடியோடு நர்சரியிலிருந்து வந்த கோகோபீட் (தேங்காய் நார்த் தூள்). ராயபுரத்துக் கடலோர ஈரக்காற்றில் அது சீக்கிரம் காயாது.

கொழகொழப்புக்குச் சற்று மேலே தண்டைக் குறுக்காக வெட்டிப் பாருங்கள். உள்ளே பழுப்பு வளையம் தெரிந்தால் சுத்தமான பச்சை வரும்வரை இன்னும் மேலே வெட்டுங்கள், ஒவ்வொரு முறையும் கத்தியை ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டு. நல்ல துண்டை நிழலில் 5 முதல் 7 நாள் காயவிட்டு, 2 பங்கு ஆற்று மணல், 1 பங்கு செங்கல் துண்டு, 1 பங்கு மக்கிய எரு கலந்து நடுங்கள். ஒரு வாரம் தண்ணீரே வேண்டாம்.

காசிமேட்டுக் கடல் மணலை மட்டும் அள்ளிவராதீர்கள்; உப்பு வேரைக் கருக்கிவிடும்.

தண்டு கெட்டியாக, மண் காய்ந்து, இலை மட்டும் சுருங்கியிருந்தால் அது தாகம். அப்போது வெட்டாதீர்கள்.