மாத்திரை எண்ணுற வேலை

அன்புள்ள சார்,

உங்க தளத்தை அஞ்சாறு வருஷமா படிக்கிறேன், எழுதுறது இதான் முதல் தடவை. நாங்க அமெரிக்கா வந்து இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு, இப்ப ஒஹாயோல இருக்கோம். பொண்ணு ஃபார்ம்.டின்னு மருந்தாளர் படிப்பு முடிச்சு லைசென்ஸும் வாங்கிட்டா. ஒரு வருஷமா ஆஸ்பத்திரில ரெசிடென்சின்னு பயிற்சி பண்றா. இது முடிஞ்சதும் கார்டியாலஜி ஃபார்மசின்னு இன்னொரு வருஷம் ரெசிடென்சியாம். கூடப் படிச்ச பசங்க மருந்துக்கடை செயின்ல வாங்குற சம்பளத்துல பாதிகூட இவளுக்கு இல்ல. கேட்டா சண்டை. மாத்திரை எண்ணிக் குடுக்குற வேலைக்கு எதுக்கு சார் இத்தனை படிப்பு? அதுக்கு டாக்டருக்கே படிச்சிருக்கலாமே? 26 வயசாகுது, கல்யாணப் பேச்சே எடுக்க விடமாட்டேங்குறா. நாளைக்கு இந்தியா திரும்பினா இதுக்கெல்லாம் மதிப்பு உண்டா?

எஸ்., ஒஹாயோ

அன்புள்ள எஸ்.,

பிள்ளை என்ன படிக்கலாம்னு கேட்டு வர்ற கடிதத்துக்கெல்லாம் நான் பதில் போடுறதில்ல. உங்களுது வந்த அன்னிக்குக் காலையில எங்க அத்தையோட மஞ்சப்பையைத் தரையில கொட்டி வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன், அதான் எழுதுறேன். பையில இருந்தது காய்கறி இல்ல, மாத்திரை. பதினோரு அட்டை, நாலு டாக்டரோட சீட்டு, ரெண்டு சீட்டுல கையெழுத்தைத் தவிர வேற எதுவும் புரியல.

கல்யாண விஷயம் எனக்கு வேண்டாம், அது உங்க வீட்டுப் பாடு. இந்தியாவுல மதிப்பான்னா, இங்க ஃபார்ம்.டி வந்ததே 2008லதான், ஆறு வருஷம் படிச்சுட்டு வர்ற பிள்ளைங்களை என்ன வேலைக்கு வச்சுக்கிறதுன்னு பல ஆஸ்பத்திரிக்கு இன்னும் தெரியல, அவ்வளவுதான் சொல்ல முடியும். டாக்டருக்குப் படிச்சிருக்கலாமேன்னு கேட்டதுக்கு பதில் சொல்ல எனக்கு மனசில்ல.

ஆனா 'மாத்திரை எண்ணிக் குடுக்குற வேலை'ன்னு எழுதியிருக்கீங்களே, அதை என்னால தாண்டிப் போக முடியல சார். அதை நீங்க அவ மூஞ்சிக்கு நேரா சொல்லியிருப்பீங்கன்னு தோணுது. சொல்லியிருந்தா தப்பு, போய் மன்னிப்பு கேளுங்க.

அத்தைக்கு சின்ன வயசுல ருமாட்டிக் காய்ச்சல் வந்து மைட்ரல் வால்வு கெட்டுப்போச்சு. 1998ல ஓபன் ஹார்ட் பண்ணி உலோக வால்வு வச்சாங்க. ராத்திரி ஊரடங்கினப்புறம் பக்கத்துல படுத்தா டிக் டிக்னு கேக்கும், கடிகாரத்தை முழுங்கிட்டேன்டான்னு சிரிப்பா. உலோக வால்வுல ரத்தம் உறைஞ்சிடாம இருக்க ஆயுசுக்கும் மாத்திரை. அதுல ரெண்டு மூணு இருக்கு, பேரு தெரிஞ்சது வார்ஃபரின், 1948ல எலி மருந்தா கடைக்கு வந்து 1954ல மனுஷனுக்கு மருந்தானது. அத்தைக்குக் குடுத்தது அதுக்கு ஒண்ணுவிட்ட தங்கச்சி மாதிரி, அசினோகூமரால். ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகுதுன்னு பாக்க ஐ.என்.ஆர்.னு ஒரு ரத்தப் பரிசோதனை, மைட்ரல்ல உலோக வால்வுன்னா அது 2.5லருந்து 3.5க்குள்ள இருக்கணும். கொறஞ்சா கட்டி தட்டும், கூடினா ரத்தம் கசியும்.

2011ல அத்தைக்குப் பல்லு வீங்குச்சு. ஞாயித்துக்கிழமை, டாக்டர் யாரும் இல்ல. தெருமுனை மெடிக்கல்ஸ்ல போய் பல்வலிக்குக் குடுங்கன்னேன், கடைப்பையன் மெட்ரோனிடசோல்னு ஒரு கிருமி மாத்திரையும் ஒரு வலி மாத்திரையும் எண்ணி கவர்ல போட்டுக் குடுத்தான். ஆமா சார், எண்ணித்தான் குடுத்தான், கரெக்டா எண்ணினான், ஒண்ணு கூடல கொறையல. வீட்ல வேற என்ன மாத்திரை ஓடுதுன்னு அவன் கேக்கல, நானும் சொல்லல. அஞ்சாம் நாள் ஈறுல ரத்தம், தொடையில நாவப்பழக் கலர்ல திட்டு, அப்புறம் தார் மாதிரி வெளிக்கிப் போனா. காஷுவால்டியில ஐ.என்.ஆர். 9க்கு மேல. மெட்ரோனிடசோல் அந்த உறையா மாத்திரையை உடம்புல கரைய விடாம தேக்கி வச்சிடும், வலி மாத்திரை வேற வயித்தைப் புண்ணாக்கும், ரெண்டும் சேந்துடுச்சு. வைட்டமின் கே போட்டு, பிளாஸ்மா ஏத்தி, எப்படியோ பொழைச்சா. டியூட்டி டாக்டர் சின்னப் பையன், "யாருங்க இதை வாங்கிக் குடுத்தது"ன்னு கேட்டான். நான்தான்னு சொல்ல வாயே வரல. அத்தைதான், "நானா வாங்கினேன் தம்பி"ன்னு பொய் சொன்னா.

உங்க பொண்ணு படிக்கிறது அந்தக் கேள்வியை சார். வேற என்ன ஓடுதுன்னு கேக்குறதை. அது ஒரு வரிக் கேள்விதான், ஆனா பதிலைக் கேட்டு என்ன செய்யணும்னு தெரிய ரெண்டு வருஷம் வார்டுல நிக்கணும். காலையில டாக்டருங்க ரவுண்ட்ஸ் வர்றதுக்கு முன்னாடியே ஐசியூல ஒவ்வொருத்தருக்கும் கிட்னி எப்படி, பொட்டாசியம் எவ்வளவு, ஈசிஜில க்யூடிங்குற இடைவெளி எவ்வளவு நீண்டிருக்குன்னு பாத்து வச்சிருப்பா. இதயத்துடிப்பைச் சீராக்குற அமியோடரோன் ஆரம்பிச்சா ஏற்கனவே ஓடுற டிகாக்சின்ங்குற இதய மருந்தைப் பாதியாக்கணும்னு டாக்டர் ஆர்டர் போடும்போதே பக்கத்துல நின்னு சொல்லுவா. யாருக்காவது இதயம் நின்னு கோட் ப்ளூன்னு கூப்ட்டா ஓடிப்போய் மருந்து எடுத்துக் குடுக்குறவங்கள்ல அவளும் இருப்பா. இதெல்லாம் நேத்து மொளைச்சதும் இல்ல, மிச்சிகன் பல்கலைக்கழக ஆஸ்பத்திரில ஹார்வி விட்னின்னு ஒருத்தர் 1927லயே மருந்தாளருக்கு ஆஸ்பத்திரிப் பயிற்சி ஆரம்பிச்சார், இப்ப இதயத்துக்குன்னே தனி போர்டு பரீட்சை 2018லருந்து நடக்குது.

சம்பளக் கதையை விடுங்க, இன்னும் ஒரு வருஷம்தானே.

எனக்குப் பிடிச்ச கதை இன்னொண்ணு இருக்கு, அதுல ஆஸ்பத்திரியே கெடையாது, சலூன் கடை. லாஸ் ஏஞ்சல்ஸ்ல ரொனால்ட் விக்டர்னு ஒரு இதய டாக்டர், பிரஷர் அதிகமா இருக்குற கறுப்பின ஆண்கள் ஆஸ்பத்திரிப் பக்கம் வரமாட்டேங்குறாங்க, ஆனா சலூனுக்கு தவறாம போறாங்கன்னு பாத்தார். 52 சலூன், 319 பேர். பாதிக் கடைகள்ல முடிவெட்டுறவர் டாக்டரைப் போய்ப் பாருங்கன்னு சொன்னதோட சரி. மீதிக் கடைகளுக்கு பயிற்சி எடுத்த மருந்தாளர் நேராவே வந்தாங்க, டாக்டரோட ஒப்பந்தப்படி அவங்களே மருந்து எழுதி, அங்கயே ரத்தம் சோதிச்சு, டோஸ் ஏத்தி எறக்கினாங்க. ஆறு மாசத்துல அவங்க பாத்தவங்களுக்கு மேல் பிரஷர் சராசரியா 27 எறங்குச்சு, மத்தவங்களுக்கு 9 சொச்சம். 2018ல வந்த ஆய்வு இது. புதுசா ஒரு மாத்திரையும் கண்டுபிடிக்கல சார், இருக்குற மாத்திரைதான், ஆளுதான் வேற. நம்ம ஊர் சலூன்லயும்தான் தினத்தந்தி விரிச்சுக்கிட்டு மணிக்கணக்கா உக்காந்திருக்கோம், எவன் வந்து பிரஷர் பாத்தான்?

எங்கயோ போயிட்டேன். மஞ்சப்பை. அத்தைக்கு இப்ப இதயம் பலவீனமாயிடுச்சு, போன வாரம் டாக்டர் புதுசா ஒரு மாத்திரை எழுதினார், சாக்குபிட்ரில்-வல்சார்டன். நல்ல மருந்துதானாம். சீட்டுல அது மட்டும்தான் இருந்துச்சு, பழசுல எதை நிறுத்தணும்னு ஒரு வார்த்தை இல்ல. நான் பூதக்கண்ணாடி வச்சுக்கிட்டு டப்பாக்குள்ள மடிச்சு வச்சிருந்த காகிதத்தைப் படிச்சேன், எனலாபிரில் மாதிரி மாத்திரை சாப்பிட்டுக்கிட்டிருந்தா அதை நிறுத்தி 36 மணி நேரம் விட்டுத்தான் இதை ஆரம்பிக்கணும், இல்லன்னா மூஞ்சி தொண்டையெல்லாம் வீங்கி மூச்சடைக்கும்னு போட்டிருந்துச்சு. பையைக் கொட்டினா எனலாபிரில் ரெண்டு அட்டை இருக்கு. அத்தை அன்னிக்குக் காலையிலயும் ஒண்ணு போட்டிருக்கா. டாக்டருக்கு போன் பண்ணினா, "ஆமா ஆமா, அதை நிறுத்திடுங்க, மறுநாள் ராத்திரி புதுசை ஆரம்பிங்க"ன்னார். கோவப்பட முடியல, வெளியில அறுவது பேர் உக்காந்திருப்பாங்க அவருக்கு.

அத்தை பக்கத்துல உக்காந்து, "என்னடா அட்டையெல்லாம் எண்ணிக்கிட்டிருக்க"ன்னா. அன்னிக்கு மதியம்தான் உங்க கடிதத்தைத் தொறந்தேன்.

ஒரு உதவி பண்ணுங்க. கீரை சேத்தா அந்த உறையா மாத்திரை வேலை செய்யாதுன்னு யாரோ சொன்னதைக் கேட்டு அத்தை 1998லருந்து முருங்கைக்கீரையே தொடல. அவளுக்கு உசுரு அது. அடியோட நிறுத்த வேண்டியதில்ல, வாராவாரம் ஏறக்கொறைய ஒரே அளவு சாப்பிட்டா போதும், டாக்டர்கிட்ட சொல்லி ஐ.என்.ஆர். பாத்து டோஸை அதுக்கேத்த மாதிரி வச்சுக்கலாம்னு நான் சொன்னா நம்ப மாட்டேங்குறா, பல்வலிக்கு மருந்து வாங்கிக் குடுத்தவன்தானே நீன்னு கேக்குறா. உங்க பொண்ணு போன்ல ஒரு வார்த்தை சொன்னா கேப்பா. டியூட்டி இல்லாத ஞாயித்துக்கிழமையா பாத்து சொல்லச் சொல்லுங்க.