கேள்வி உங்களது, பதில் என்னுது: "கதை எப்பங்க ஆரம்பிக்கும்?"

போன இதழ்ல லீவுக்கு என்ன சீரியல் பார்க்கலாம்னு கேட்ட ஒருத்தருக்கு ‘அவுட்லேண்டர்’ பாருங்கன்னு ஒத்தை வரில பதில் போட்டேன். அவ்ளோதான், அதுக்கு வந்த மெயிலும் வாட்ஸப்பும் இன்னும் நிக்கல, பாதி பேர் நன்றி சொல்றாங்க, பாதி பேர் சாபம் விடறாங்க. தெரியாதவங்களுக்குக் கதை இதான்: 1945ல, உலகப் போர் முடிஞ்ச கையோட, கிளேர்னு ஒரு இங்கிலீஷ் நர்ஸ் புருஷன் பிராங்கோட ஸ்காட்லாந்து இன்வர்நெஸ்ஸுக்கு ரெண்டாவது ஹனிமூன் வர்றாங்க, அங்க வட்டமா நட்டு வெச்சிருக்கற பழங்காலத்துக் கல்லுல ஒண்ணைத் தொட்டதும் 1743ல போய் விழறாங்க, அங்க ஜேமின்னு ஒரு ஹைலேண்டு (ஸ்காட்லாந்தோட மலைப் பகுதி) பையன், அப்புறம் எட்டு சீசன். டயானா கபால்டன் எழுதின தடி தடி நாவல்கள்தான் மூலம். பேர் போடாதீங்கன்னு நிறைய பேர் கேட்டதால ஊர் மட்டும் போடறேன். கதைய உடைச்சுதான் பேசப் போறேன், இன்னும் பார்க்காதவங்க சமையல் பக்கத்துக்குப் போயிடுங்க.

வாசகி, திருச்சி: நாலு எபிசோடு முடிச்சாச்சு. அந்தப் பொண்ணு கோட்டைக்குள்ள மூலிகை பறிக்குது, டிரெஸ் மாத்துது, நடக்குது. எங்க வீட்டுக்காரர் ரெண்டாவது எபிசோடுலயே குறட்டை. கதை எப்பங்க ஆரம்பிக்கும்?

அவர் எந்த இடத்துல தூங்கினார்னு நான் சொல்லவா, கோட்டைல ஒரு அம்மா கிளேருக்கு டிரெஸ் போட்டு விடற சீன்தானே? உள்சட்டை, இடுப்புல கட்டற திண்டு, முதுகுல இறுக்கற நாடா, அதுக்கு மேல பாவாடைன்னு ஒண்ணொண்ணா போயிட்டே இருக்கும். எனக்கு அது புடிச்ச சீன். அந்தக் காலத்துல ஒரு பொம்பள ஆத்திரம் அவசரம்னா தானா டிரெஸ் மாட்டிட்டு ஓடக்கூட முடியாதுங்கறது யாரும் வாயால சொல்லாமயே அங்க புரிஞ்சிடும், அவ அங்கிருந்து தப்பிக்கத் துடிச்சிட்டு இருக்கறவ வேற.

அஞ்சாவது எபிசோடு மட்டும் பாருங்க. அதுவும் ஸ்லோதான், ஊர் ஊரா வரி வசூலிக்கப் போறாங்க, நடுவுல பொம்பளைங்க கம்பளித் துணிய மூத்திரத்துல ஊறப்போட்டு பாட்டுப் பாடிட்டே அடிக்கறாங்க (நிஜமாவே அப்படித்தான் சாயம் நிக்க வெப்பாங்களாம்). வசூல் பண்ற காசுல ஒரு பங்கை ஒளிச்சு வெக்கறாங்க, இவங்க திருடங்கன்னு கிளேர் நினைக்கறா, எபிசோடு முடியறப்பதான் அவளுக்குப் பொறி தட்டுது, இது நாடு கடத்தப்பட்ட ஸ்டூவர்ட் ராஜ குடும்பத்துக்குப் படை திரட்டற காசு, இந்த ஆளுங்க ஜாகோபைட்டுங்க, இன்னும் மூணு வருஷத்துல கல்லோடன் மைதானத்துல இவங்க கதை முடியப் போகுது. தேதியே அவளுக்குத் தெரியும், 1746 ஏப்ரல் 16. அந்த நிமிஷத்துக்கு அப்புறம் அவங்க உக்காந்து கஞ்சி குடிக்கற சீன்கூட வேற மாதிரி தெரிய ஆரம்பிச்சிடுது. கதை அங்க ஆரம்பிக்குது. ஆனா நாலு எபிசோடு காக்க வெச்சது கொஞ்சம் ஓவர்தான், அதை நான் மறுக்க மாட்டேன். வீட்டுக்காரரை எழுப்பாதீங்க, பாவம், தூங்கட்டும்.

வாசகர், சேலம்: டைம் டிராவல்னு சொன்னீங்களே சார், மெஷின் எங்க? லாஜிக் எங்க?

மெஷின்லாம் கிடையாது, கல்லுதான். எல்லாராலயும் முடியாது, சில பேருக்குத்தான் அந்த வாசல் தொறக்கும், அதுவும் சம்ஹைன் மாதிரி பழைய கெல்டிக் பண்டிகை நாளுங்கள்ல சுலபமாம், கையில ரத்தினக்கல் இருந்தா பாதுகாப்பாம். நம்ம ஊரு அமாவாசை, நவரத்தின மோதிரம் கணக்குதான். ஆனா ஒரு கணக்கு மட்டும் பிசகாது, 202 வருஷம். 1945ல இருந்து 1743, திரும்பறப்ப 1746ல இருந்து 1948, மறுபடி 1968ல இருந்து 1766, கழிச்சுப் பாருங்க. இந்தப் பக்கம் ஒரு நாள் போனா அந்தப் பக்கமும் ஒரு நாள் போயிடும், விட்டுட்டு வந்தவன் விட்ட இடத்துலயே இளமையா நிக்க மாட்டான், அவனுக்கும் நரைக்கும். இந்தக் கதைக்கு அந்த ஒரு விதி போதும்னு எனக்குப் படுது.

வாசகி, கோவை: முதல் சீசன் உயிர். ரெண்டாவது சீசன்ல பாரீஸ் போனதும் நான் நிறுத்திட்டேன். விருந்து, கவுன், விருந்து, கவுன். நான் மட்டும்தான் இப்படியா?

நீங்க மட்டும் இல்ல, எனக்கு வந்ததுல பெரும்பாலான திட்டு இந்தப் பாரீஸுக்குத்தான். பதிமூணு எபிசோடுல பாதி அங்கதான் போகுது. ஜாகோபைட் கலகத்தைத் தடுக்கணும்னா ஸ்டூவர்ட் வாரிசு இளவரசன் சார்லிக்குக் காசு கிடைக்காம பண்ணனும், அதுக்கு அவன்கூடவே பழகி உள்ளேர்ந்து கெடுக்கணும், இதான் கிளேர், ஜேமி பிளான். கேக்க நல்லாருக்கு, ஆனா திரைல வர்றது என்னன்னா கடிதம் திருடறது, கடிதத்துல இருக்கற சங்கேதத்தைக் கண்டுபுடிக்கறது, ஒயின் வியாபாரம் பேசறது. ஹைலேண்டு மலையும் குதிரையும் பார்த்துட்டு வந்தவங்களுக்கு நடு ஆபீஸ்ல உக்கார வெச்ச மாதிரி ஆயிடுச்சு.

ஆனா ஒண்ணு கவனிச்சீங்களா, அந்த சீசனோட முதல் சீனே 1948தான். கிளேர் தனியா கல்லுக்கிட்ட எழுந்து வந்து, ரோட்டுல போற ஒருத்தரை நிறுத்தி கல்லோடன்ல யாரு ஜெயிச்சதுன்னு கேக்கறா, பதில் கேட்டு உடைஞ்சு போறா. அதாவது இவங்க பாரீஸ்ல படற பாடு அத்தனையும் வீண்னு முதல் அஞ்சு நிமிஷத்துலயே நம்மகிட்ட சொல்லிட்டுதான் ஆரம்பிக்கறாங்க. என்ன ஆகும்னு தெரியாதவனுக்கு ஸ்லோ போர் அடிக்கும், என்ன ஆகும்னு தெரிஞ்சவனுக்கு ஸ்லோ வயித்தைப் பிசையும், இந்த ரெண்டாவது வகையைத்தான் அவங்க நம்பியிருக்காங்க. முதல் சீசன்ல அது வேலை செஞ்சுது. பாரீஸ்ல எனக்கு வயித்தைப் பிசையல, கொட்டாவிதான் வந்துச்சு. எட்டாவது எபிசோடுல ஸ்காட்லாந்து திரும்பிடுவாங்க, அங்கேர்ந்து விட்டதைப் புடிங்க. ஏழாவதை மட்டும் தாண்டிடாதீங்க, ஏன்னு இப்ப சொல்ல மாட்டேன், பக்கத்துல கர்சீப் வெச்சுக்கோங்க.

வாசகர், மதுரை: ரெண்டு சீசனா கல்லோடன் கல்லோடன்னு உசுர வாங்கிட்டு சண்டைய ஒழுங்கா காட்டவே இல்லையே! துண்டு துண்டா காட்டி முடிச்சிட்டாங்க. ஏமாத்து வேலை.

அண்ணே, நிஜ சண்டையே ஒரு மணி நேரத்துக்குள்ள முடிஞ்ச சண்டைதான். ராத்திரி பூரா நடந்து, எதிரி கூடாரத்தைத் தாக்கப் போய், விடியறதுக்குள்ள போய்ச் சேர முடியாம திரும்பி, பட்டினியும் தூக்கக் கலக்கமுமா நின்ன கூட்டம் அது, எதிர்ல ராஜா படைத் தளபதி கம்பர்லாண்டு பிரபுவோட பீரங்கி, கால் புதையற சதுப்பு நிலம். ஜாகோபைட் பக்கம் செத்தவங்களும் காயம் பட்டவங்களும் 1,500ல இருந்து 2,000 பேர், எதிர்ப்பக்கம் செத்தது 50 பேர் வாக்குல. இதுல ஹீரோ சண்டை எங்கேர்ந்து வைப்பாங்க? பொணத்துக்கு அடியில குத்துயிரா கெடக்கற ஜேமிக்கு நினைவு வர்ற போதெல்லாம் ஒரு துண்டு, மயங்கினா இருட்டு. எனக்கு அது சரியாப் பட்டுச்சு. ஆனா ரெண்டாவது சீசனை சண்டைக்கு முந்தின நிமிஷத்துல நிறுத்திட்டு ஒரு வருஷத்துக்கு மேல காக்க வெச்சாங்க பாருங்க, அதுக்கு நீங்க திட்டினா நானும் சேர்ந்து திட்டறேன். இந்த மாதிரி இடைவெளிக்கு ரசிகருங்க ‘டிரவுட்லேண்டர்’னு பேரே வெச்சுட்டாங்க, வறட்சிக் காலமாம்.

வாசகி, திருநெல்வேலி: நாவலைப் படிச்சிட்டுப் பார்க்கணுமா, பார்த்துட்டுப் படிக்கணுமா?

பார்த்துட்டுப் படிங்க, இல்லாட்டி வழி நெடுக ‘இது புக்குல இப்படி இல்லையே’ன்னு சண்டை போட்டுட்டே இருப்பீங்க, எங்க வீட்டுல ஒருத்தி அப்படித்தான் ரிமோட்டைப் புடிச்சுக்கிட்டு எங்களைப் பார்க்கவே விடல. புக்குல கிளேர் தானே கதை சொல்றா, அதனால இலையரைக்கறதும் கட்டுப் போடறதும் பக்கம் பக்கமா போனாலும் அவ கிண்டல் கூடவே வந்துட்டு இருக்கும், அலுக்காது. திரைல அந்தக் குரலைப் பின்னணில பேச விட்டிருக்காங்க, அவ கண்ணுலயே தெரியற விஷயத்தைக் குரல் வேற சொல்றப்பதான் எரிச்சல் வருது. ஸ்லோன்னு நீங்க திட்டறதுக்கு முன்னாடி ஒரு தகவல், அஞ்சாவது நாவல் ஆரம்பத்துல ஒரே ஒரு நாள் நூறு பக்கத்தைத் தாண்டிப் போகும். அதை அப்படியே எடுத்திருந்தா அந்த நாளுக்கே ஒரு சீசன் ஆயிருக்கும். ஜேமியோட ஞானத்தந்தை முர்டாவைப் புடிச்சவங்களுக்கு இன்னொண்ணு, புக்குல அவர் கல்லோடன்லயே செத்துடுவார், சீரியல்தான் அவரை அஞ்சாவது சீசன் வரைக்கும் உயிரோட வெச்சுது. கபால்டன் அம்மா கோவிச்சுக்கிட்டாலும் பரவால்ல, அது நல்ல காரியம்.

வாசகர், காஞ்சிபுரம்: ஸ்காட்லாந்துல எவனோ தோத்தா நமக்கென்ன சார்? எதுக்கு இவ்ளோ பில்டப்?

காஞ்சிபுரத்துல இருந்துட்டு இந்தக் கேள்வியக் கேட்டீங்களே, அதான் விசேஷம். ஜான் மெக்கென்சின்னு ஒருத்தர், லார்டு மெக்லியடுன்னு பட்டம், சின்ன வயசுல அப்பாகூட சேர்ந்து இளவரசன் சார்லி பக்கம் நின்னவர், கல்லோடனுக்கு முந்தின நாள் மாட்டிக்கிட்டார். மன்னிப்புக் கிடைச்சுது, ஸ்வீடன் படைல போய்ச் சேர்ந்தார், பல வருஷம் கழிச்சுத் திரும்பி வந்து எந்த ராஜாவை எதிர்த்தாரோ அதே வம்சத்து ராஜாவுக்காக ஹைலேண்டுல ஆள் திரட்டி, 73வது ரெஜிமெண்டுன்னு 1780ல மெட்ராஸ்ல வந்து இறங்கினார். அந்தப் படைல ஒரு பகுதிதான் அந்த வருஷம் செப்டம்பர் 10ஆம் தேதி உங்க ஊருக்குப் பக்கத்துல புள்ளலூர்ல ஹைதர் அலி, திப்பு கிட்ட நொறுங்கிப் போச்சு. காஞ்சிபுரத்துல பெரும்படையோட இருந்த தளபதி ஹெக்டர் மன்றோ கனமான பீரங்கிகளைக் குளத்துல தள்ளிட்டு மெட்ராஸுக்குப் பின்வாங்கினார். அவரும் ஹைலேண்டு ஆளுதான்.

அடுத்த வருஷம் அதே மன்றோ டச்சுக்காரங்ககிட்டேர்ந்து நாகப்பட்டினத்தைப் புடிச்சார். அந்த நினைவா அவர் சொந்த ஊர்ல, இன்வர்நெஸ்ஸுக்கு வடக்கே, ஃபைரிஷ்னு ஒரு மலை உச்சில நாகப்பட்டினம் கோட்டை வாசல் மாதிரியே ஒண்ணு கட்டி வெச்சிருக்கார், இன்னைக்கும் நிக்குது, ஜனங்க ஏறிப் பார்த்துட்டு வர்றாங்க. சீரியல்ல அஞ்சாவது சீசன்ல ஜேமிக்கு பிரிட்டிஷ் படையோட சிவப்புக் கோட்டு மாட்டி விடுவாங்க, எந்தக் கோட்டைப் பார்த்தா உடம்பு நடுங்கிச்சோ அதே கோட்டு. அந்த சீன்ல எனக்கு லார்டு மெக்லியடு ஞாபகம்தான் வந்துச்சு. இப்பவும் நமக்கென்னன்னு கேப்பீங்களா?

வாசகி, புதுச்சேரி: குடும்பத்தோட பார்க்கலாமா?

வேணாம். முதல் சீசன் ஏழாவது எபிசோடு கல்யாணம், முழுக்க ஒரே ராத்திரி, மாமியார் பக்கத்துல இருந்தா நீங்க தண்ணி குடிக்கவே அஞ்சாறு தடவை எழுந்து போக வேண்டியிருக்கும். அதையாவது சிரிச்சு சமாளிக்கலாம். முதல் சீசனோட கடைசி ரெண்டு எபிசோடு சிறைச் சித்ரவதை, அது சமாளிக்க முடியாத சமாச்சாரம், நான் ஒரு தடவைதான் பார்த்தேன், இனி பார்க்க மாட்டேன். கிளேரோட புருஷன் பிராங்கா வர்ற டோபையாஸ் மென்சிஸேதான் அந்தச் சித்ரவதை பண்ற இங்கிலீஷ் கேப்டன், கொடூரன் பிளாக் ஜாக் ராண்டலும், அதே முகம்ங்கறதுதான் இன்னும் கலக்குது.

வாசகர், சென்னை: அவங்க பாஷைல பேசறப்ப சப்டைட்டிலே வரல. என் டிவி கோளாறா?

டிவி நல்லாத்தான் இருக்கு. கிளேருக்கு கேலிக் புரியாது, அதனால நமக்கும் புரியக் கூடாதுன்னு வேணும்னே விட்டிருக்காங்க. சுத்தி எல்லாரும் உங்களைப் பத்தித்தான் பேசறாங்க, ஆனா என்னன்னு தெரியல, வேற மாநிலத்துல வேலைக்குப் போனவங்களுக்கு இந்த அவஸ்தை தெரியும். கல்லோடனுக்கு அப்புறம் அவங்க பாவாடை மாதிரி கட்டற கில்ட்டுக்கே தடை போட்டாங்க, முதல் தடவை மாட்டினா ஆறு மாசம் ஜெயில், ரெண்டாவது தடவை ஏழு வருஷம் நாடு கடத்தல், 1782லதான் அந்தச் சட்டம் போச்சு. பாஷையும் தேஞ்சுக்கிட்டே வந்து 2011 கணக்கெடுப்புல ஸ்காட்லாந்துல கேலிக் பேசறவங்க சுமார் 57,000 பேர்தான். நம்ம ஊர்ல ஒரு தாலுக்காவுக்குக்கூடப் பத்தாது.

வாசகர், ஓசூர்: நான் 1.5 ஸ்பீடுல பார்க்கறேன். குத்தமா?

எங்க அத்தை பையனும் அப்படித்தான் பார்க்கறான், நான் ஒண்ணும் சொல்றதில்ல. நாலாவது சீசன்ல அமெரிக்கா போய் காட்டை வெட்டி வீடு கட்டற எபிசோடெல்லாம் நீங்க 2ல வெச்சாலும் நான் கேக்க மாட்டேன், அங்க காத்திருக்கறதுக்கு ஒரு தேதியே இல்ல, சும்மா நடந்துட்டு இருக்கு.

மூணாவது சீசன்ல ஆறாவது எபிசோடு வந்தா மட்டும் 1க்கு வந்துடுங்க, அது மத்த எபிசோடை விட நீளம் வேற, ஒரு மணி நேரத்துக்கு மேல. இருபது வருஷம் கழிச்சு கிளேர் எடின்பரோவுல ஜேமியோட அச்சாபீஸ் கதவைத் தொறக்கறா, குரலைக் கேட்டுத் திரும்பினவன் தொப்புனு மயங்கி விழறான். எழுந்ததும் கட்டிப் புடிச்சு அழுது முடிச்சிருவாங்கன்னு பார்த்தா, நனைஞ்ச கால்சட்டைய மாத்தறதுக்கு அவகிட்ட கூச்சப்படறான், ரெண்டு பேரும் எங்க நிக்கறதுன்னு தெரியாம நிக்கறாங்க. அப்புறம் அவ பையிலேர்ந்து அவன் பார்த்தே இராத மக போட்டோவை எடுத்து நீட்டறா. போட்டோன்னா என்னன்னே தெரியாதவன் அவன். எங்க அத்தை பையன் அதையும் 1.5லதான் பார்த்தான், முடிச்சிட்டு என்கிட்ட வந்து, "அந்த ஆளு கண்ணாடி போட்டானா?"ன்னு கேட்டான்.