லைன் சரி என்கிறார்கள், ரூட்டிங் ஏன் விழுகிறது?

கேள்வி: எங்கள் மொத்த வியாபார அலுவலகம் புறக்கோட்டையில், களஞ்சியசாலை பேலியகொடையில். இரண்டு சேவை வழங்குநர்களிடம் தனித்தனி லைன் எடுத்திருக்கிறோம். இரண்டிலும் அவர்களுடைய ரவுட்டரோடு பிஜிபி (எந்தப் பாதையில் தரவை அனுப்புவது என்று ரவுட்டர்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் முறை) ஓடுகிறது. சில நாட்களாகப் பில் மென்பொருள் திடீரென்று மூன்று நிமிடமளவில் உறைந்துபோய், தானாகவே சரிவருகிறது. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் அதே பிரச்சினை. புறக்கோட்டை ரவுட்டரின் லாக்கில் முதல் லைனுக்கு 'ஹோல்ட் டைமர் எக்ஸ்பயர்ட்' என்று பதிவாகிறது. வழங்குநரோ, "லைன் அப்பில் இருக்கிறது, உங்கள் ரவுட்டரைப் பாருங்கள்" என்கிறார். ரவுட்டரை மாற்றுவதா?

பதில்: மாற்ற வேண்டாம். ரீஸ்டார்ட்டும் செய்ய வேண்டாம். செய்தால் பிழைக் கணக்குகள் பூச்சியமாகிவிடும், லாக்கும் போய்விடலாம். வழங்குநரிடம் காட்ட உங்களிடம் இருப்பது அவைதான்.

முதலில் வியாபாரத்தைக் காப்பாற்றுங்கள். முதல் லைனின் பிஜிபி தொடர்பை மட்டும் நீங்களே ஷட்டவுன் செய்யுங்கள். இன்டர்ஃபேஸ், அதாவது லைன் செருகிய போர்ட், அப்பிலேயே இருக்கட்டும். எல்லாம் இரண்டாவது லைனில் நிலைகொள்ளும். அறவே செத்த லைனால் இவ்வளவு தொல்லை வராது, விழுந்து விழுந்து எழும்பும் லைன்தான் ஆளைக் கொல்லும். சிஸ்கோ ரவுட்டர்களின் வழமையான அமைப்பில் 60 விநாடிக்கு ஒரு கீப்பலைவ் ('உயிரோடு இருக்கிறேன்' என்ற சிறு செய்தி) போகும். ஹோல்ட் டைமர் என்ற 180 விநாடிக்குள் எதுவும் வராவிட்டால்தான் மறுமுனை இல்லை என்று ரவுட்டர் முடிவெடுக்கும். அதுவரை உங்கள் பில்களை அந்தச் செத்த பாதையிலேயே அனுப்பிக்கொண்டிருக்கும். உங்கள் மூன்று நிமிடம் அங்கேதான் போகிறது. பிறகு இரண்டாவது லைனுக்கு மாறும். முதல் லைன் உயிர்த்ததும் திரும்ப அதற்கே போகும், திரும்ப விழும்.

"லைன் அப்" என்று வழங்குநர் சொல்வது பொய்யல்ல, ஆனால் அதற்குப் பொருள் மிகக் குறைவு. உங்கள் ரவுட்டரில் எரியும் பச்சை விளக்கு, பக்கத்திலிருக்கும் மீடியா கன்வேர்ட்டர் (ஃபைபரையும் ரவுட்டர் கேபிளையும் இணைக்கும் பெட்டி) வரைக்கும்தான் சாட்சி சொல்லும். அதற்கு அப்பால் ஃபைபர் இணைப்பில் ஈரம் இறங்கியிருந்தாலும், நடுவில் ஒரு சுவிட்ச் போர்ட் பழுதாகியிருந்தாலும் அந்த விளக்கு எரிந்துகொண்டேயிருக்கலாம். சிஆர்சி பிழைகளை (வழியில் சிதைந்து வந்த ஃபிரேம்களின், அதாவது தரவுப் பொட்டலங்களின், எண்ணிக்கையை) பார்ப்பதிலும் இதே பொறி உண்டு. எண்ணிக்கை ஏறினால் பேட்ச் கேபிளை மாற்றுங்கள். ஸ்பீட், டூப்ளெக்ஸ் (ஒரே நேரத்தில் அனுப்பவும் பெறவும் முடிந்தால் ஃபுல், மாறி மாறி என்றால் ஹாஃப்) இரண்டு பக்கமும் ஒத்திருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பக்கம் ஃபுல் என்று நிலைப்படுத்தி, மறுபக்கம் ஆட்டோவில் இருந்தால், ஆட்டோ பக்கம் ஹாஃப் டூப்ளெக்ஸில் விழுந்துவிடும். ஆனால் எண்ணிக்கை பூச்சியம் என்றால் லைன் சுத்தம் என்று நினைக்காதீர்கள். நடுவிலுள்ள சுவிட்ச் பெரும்பாலும் கெட்ட ஃபிரேமை அங்கேயே வீசிவிடும். உங்களுக்கு வந்து சேர்வது நல்லவை மட்டுமே.

ஆகவே பாக்கெட் அனுப்பித்தான் லைனை அளக்க வேண்டும். முதல் லைனில் வழங்குநரின் ரவுட்டருக்கு 100 பைட் பிங் (பதில் கேட்கும் சோதனைப் பாக்கெட்) ஆயிரம் அனுப்புங்கள். அடுத்து, துண்டாக்க அனுமதிக்காமல், 1472 பைட் தரவோடு ஆயிரம். ஐபி தலைப்பு 20, ஐசிஎம்பி தலைப்பு 8 சேர்ந்தால் 1500. சில ரவுட்டர்கள் தமக்கு வரும் பிங்குக்கு மெதுவாகவே பதில் சொல்லும் என்பதால், சிறு இழப்பை வைத்து வாதாடாதீர்கள். இரண்டு அளவுக்கும் உள்ள வித்தியாசம்தான் ஆதாரம். சிறியது போய்ப் பெரியது அங்குமிங்கும் தவறினால் லைனில் பிழை. பெரியது ஒன்றுகூடப் போகாவிட்டால், வழங்குநர் பாதையை மாற்றியபோது எம்டியூ (துண்டாக்காமல் போகக்கூடிய பாக்கெட்டின் உச்ச அளவு) குறைந்திருக்கலாம். அப்படியானால் பிஜிபி எழும்பும், பாதைகளின் பட்டியலைக் கொண்டுவரும் பெரிய அப்டேட் செய்தி நடுவில் சிக்கும், அதன் பின்னால் 19 பைட் கீப்பலைவும் வரிசையில் நிற்கும், ஹோல்ட் டைமர் முடியும். லாக்கில் இடைவெளி ஏறத்தாழ ஒரே சீராக இருந்தால் இதையே முதலில் சந்தேகிப்பேன். மழை நேரத்தில் மட்டும் விழுகிறதென்றால் அதையும் குறித்துவையுங்கள்.

முறைப்பாட்டில் சர்க்கிட் இலக்கம், விழுந்த நேரங்கள், இரண்டு பிங் முடிவுகள் மூன்றும் இருக்கட்டும். "போர்ட் நிலையை மட்டும் பார்க்காமல், ஆர்எஃப்சி 2544 சோதனையை 1518 பைட் ஃபிரேம் வரை ஓட்டி முடிவைத் தாருங்கள்" என்று எழுத்தில் கேளுங்கள். லைனை நிரப்பி வேகத்தையும் இழப்பையும் அளக்கும் அந்தச் சோதனைக்கு லைன் வெறுமையாக இருக்க வேண்டும். நீங்கள் ஏற்கெனவே ஒதுக்கிவைத்திருப்பதால் இரவு வரை காத்திருக்கத் தேவையில்லை. "இப்போது சரி" என்ற ஒற்றை வரியோடு முறைப்பாட்டை மூட விடாதீர்கள். அதே பிங்கை ஒரு முழு நாள் ஓட்டிப் பார்த்த பிறகே பிஜிபியைத் திறவுங்கள்.

லைன் திருந்திய பின் பிஎஃப்டி (பாதை செத்ததை உடனே கண்டுபிடிக்கும் வசதி) கேளுங்கள். 300 மில்லி விநாடிக்கு ஒரு செய்தி, மூன்று தவறினால் பாதை செத்தது என்று வைத்தால் ஒரு விநாடிக்குள் மாற்றுப் பாதை கிடைக்கும். வழங்குநர் தராவிட்டால் ஹோல்ட் டைமை 30 விநாடியாக்குங்கள். இரு பக்கத்தில் குறைந்ததே செல்லும் என்பதால் பெரும்பாலும் உங்கள் அமைப்பு மட்டும் போதும். பழுதான லைனில் இதைச் செய்யக்கூடாது, இன்னும் அடிக்கடி விழும்.