நான் குடிய விட்டாச்சு, வீட்ல அவங்க இன்னும் குடிக்கிறாங்க: உங்க கேள்விங்களுக்கு என் பதில்

நான் குடிய விட்டு 11 வருஷம் ஆச்சு. அதுல முதல் 6 வருஷம் என் வீட்டுக்காரர் பெரும்பாலான நாள் குடிச்சிட்டு தான் இருந்தாரு, ஒரே வீட்ல. நான் டாக்டர் இல்ல. குடிய விட்டவங்க கூடி பேசுற மீட்டிங் போயி, கவுன்சிலிங் போயி, நடுவுல ஒரு தடவ விழுந்து எழுந்து கத்துக்கிட்டத தான் சொல்றேன். கேட்டவங்க பேரெல்லாம் எடுத்துட்டேன்.

கேள்வி: அக்கா, நான் நிறுத்தி 40 நாள் ஆகுது. அவரு ராத்திரி ஆனா ஹால்ல உக்காந்து ஆரம்பிச்சுடுவாரு. அந்த வாடை வந்தாலே எனக்கு வாய் ஊறுது. எனக்கு மன உறுதியே இல்லையோன்னு பயமா இருக்கு.

அப்படி நினைக்காதம்மா. வருஷக்கணக்கா அந்த வாடைக்கு அப்புறம் போதை வரும்னு பழகுன மூளை அது, 40 நாள்ல மறந்துடுமா? எனக்கு வாடைய விட சத்தம் தான், மூடிய திருகும்போது வளையம் உடையுற அந்த ‘டிக்’. கதவ சாத்திட்டு உள் ரூம்ல படுத்திருந்தாலும் அது மட்டும் காதுல விழும், உடனே நாக்கு அடில தண்ணி சுரக்கும், கை தானா போர்வைய இறுக்கிப் பிடிச்சுக்கும். அப்போ நான் குழாய தொறந்து விட்டுட்டு பாத்திரம் தேய்ப்பேன், சுத்தமா இருக்குற பாத்திரத்தையே திரும்ப தேய்ப்பேன்.

அந்த ஏக்கம் ஒரு அலை மாதிரி. ஆலன் மார்லட்னு ஒரு அமெரிக்க சைக்காலஜிஸ்ட் இத அப்படித்தான் சொல்லிக்குடுத்தாரு, அதோட சண்ட போடாத, ஏறுறத பாரு, இறங்குறதையும் பாருன்னு. பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள்ள தணிஞ்சுடும். அந்த அரை மணி நேரம் நீ அந்த ரூம்ல இருக்கக்கூடாது, அவ்ளோதான். மாடிக்கு போ, குளி, யாருக்காவது போன் போடு.

இன்னொன்னு, பாட்டில் எங்க இருக்கணும்ங்கறத அவரு கிட்ட பேசு. நான் கேட்டது ரெண்டே ரெண்டு தான், ஃபிரிட்ஜ்ல வேணாம், படுக்குற ரூம்ல வேணாம், ஒரே அலமாரி, சாவி உங்க கிட்டயே இருக்கட்டும். இத ராத்திரி கேக்காத, காலைல அவரு தெளிவா இருக்கும்போது கேளு. மப்புல குடுத்த வாக்க நம்பி நான் நிறைய அழுதிருக்கேன்.

கேள்வி: “ஒரே ஒரு பெக் தானே, கம்பெனிக்கு உக்காரு, நீ முன்ன மாதிரி இல்ல”ன்னு என் பார்ட்னர் தினமும் சொல்றாங்க. என்ன பதில் சொல்றது?

விளக்கம் குடுக்காதீங்க, குடுத்தா விவாதம் ஆயிடும், குடிச்சவங்க கிட்ட விவாதத்துல ஜெயிக்கவே முடியாது. ஒரே வாக்கியத்த மனப்பாடம் பண்ணிக்கோங்க: “எனக்கு வேணாம், நான் உள்ள போறேன்.” சொல்லிட்டு நிஜமாவே உள்ள போயிடணும். நீங்க குடிக்காம எதிர்ல உக்காந்திருந்தா அவங்க எவ்ளோ குடிக்கிறாங்கன்னு அவங்களுக்கே தெரிய ஆரம்பிக்கும், அது தான் அவங்களுக்கு உறுத்துது. அதுக்காக நீங்க கிளாஸ எடுக்க வேணாம்.

கேள்வி: நான் விட்டு 2 வருஷம் ஆச்சு அக்கா, என் மனைவி தான் இப்ப நிறைய குடிக்கிறா. லேபிள்ல பேனாவால கோடு போட்டு வெச்சு எவ்ளோ கொறஞ்சிருக்குன்னு பாக்குறேன், சில நாள் சிங்க்ல கொட்டிடுறேன். இது சரியா?

தம்பி, நானும் கோடு போட்டவ தான். காலைல எழுந்ததும் முதல் வேலை கோட்டுக்கும் சரக்குக்கும் நடுவுல எத்தன விரல் இடைவெளின்னு பாக்குறது. ஒரு நாள் ஆபீஸ்ல உக்காந்துட்டு இன்னைக்கு அவரு எவ்ளோ குடிப்பாருன்னு கணக்கு போட்டுட்டு இருக்கேன், அப்ப தான் பொறி தட்டுச்சு, நான் குடிச்ச காலத்துலயும் நாள் முழுக்க என் மண்டைக்குள்ள இதே பாட்டில் தானே இருந்துச்சு, இப்பவும் அதே தானே இருக்குன்னு. குடிக்கல, ஆனா விடுதலையும் இல்ல.

குடிய விட நினைக்கிறவங்க ஒருத்தருக்கொருத்தர் உதவிக்கிற ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்ங்கற அமைப்ப 1935ல பில் வில்சனும் டாக்டர் பாப் ஸ்மித்தும் தொடங்குனாங்க, அந்த பில்லோட மனைவி லோயிஸ் தான் 1951ல இன்னொரு பெண்ணோட சேர்ந்து ஆல்-அனான தொடங்குனாங்க, குடிக்கிறவங்க வீட்ல இருக்குறவங்களுக்காக. அங்க சொல்றது மூணு விஷயம்: இதுக்கு நான் காரணம் இல்ல, இத என்னால கட்டுப்படுத்த முடியாது, என்னால குணப்படுத்தவும் முடியாது. ரெண்டாவது தான் எனக்கு தொண்டைல சிக்குச்சு. கட்டுப்படுத்துனா தான் அன்புன்னு நினைச்சிருந்தேன் நான்.

நீங்க ரெண்டு இடத்துக்கும் போகலாம் தம்பி, உங்க குடிக்கு ஒண்ணு, அவங்க குடியால உங்களுக்கு ஆன காயத்துக்கு ஒண்ணு. கொட்டுறத நிறுத்துங்க, நீங்க கொட்டுனா அவங்க வேற வாங்கி ஒளிச்சு வெப்பாங்க, அவ்ளோதான் நடக்கும். தினமும் குடிக்கிறவங்களுக்கு சட்டுனு சரக்கு கிடைக்காம போனா ஆபத்தும் இருக்கு, அடுத்த கேள்விய பாருங்க.

கேள்வி: பல வருஷமா தினமும் குடிச்சவரு, நான் விட்டத பாத்துட்டு நேத்துல இருந்து அவரும் சட்டுனு நிறுத்திட்டாரு. கை நடுங்குது, வேர்க்குது, தூங்கவே இல்ல. ரெண்டு நாள்ல சரியாயிடுமா?

இத படிச்ச உடனே ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போங்க, ப்ளீஸ். ரொம்ப நாள் தினமும் குடிச்ச உடம்புக்கு கடைசி பெக்குக்கு அப்புறம் 6 மணி நேரத்துலயே நடுக்கம் ஆரம்பிக்கலாம், முதல் ரெண்டு நாளுக்குள்ள வலிப்பு வரலாம், 2ல இருந்து 4 நாளுக்குள்ள ஆள் அடையாளம் தெரியாம, இல்லாதது கண்ணுக்கு தெரிஞ்சு, காய்ச்சல், படபடப்புன்னு போகலாம். கவனிக்காம விட்டா உயிருக்கே ஆபத்து. டாக்டர் மேற்பார்வைல மருந்து குடுத்து இறக்குனா பாதுகாப்பா இறங்கிடலாம், பி1 வைட்டமினும் போடுவாங்க. எவ்ளோ குடிச்சாரு, கடைசியா எப்ப குடிச்சாருன்னு உண்மைய சொல்லுங்க, வெக்கப்பட்டு கொறச்சு சொல்லாதீங்க.

கேள்வி: குடிய நிறுத்துற மாத்திரைய தெரியாம சாப்பாட்டுல கலந்து குடுக்கலாமா?

வேண்டவே வேண்டாம். நீங்க சொல்றது டைசல்ஃபிராமா இருக்கும். சரக்கு உடம்புக்குள்ள போனதும் முதல்ல அசிட்டால்டிஹைடுங்கற விஷமா மாறும், அப்புறம் தான் அது உடையும். இந்த மாத்திரை அந்த உடையுற வேலைய தடுத்துடும், விஷம் தேங்கும். மூஞ்சி செவந்து, வாந்தி, நெஞ்சு படபடப்பு, பிரஷர் இறங்குறதுன்னு வரும், சில பேருக்கு உயிரே போயிருக்கு. இது முழு சம்மதத்தோட, டாக்டர் கண்காணிப்புல குடுக்க வேண்டிய மருந்து. மாத்திரைய நிறுத்துன அப்புறமும் ரெண்டு வாரம் வரைக்கும் வேலை செய்யலாம். நால்ட்ரெக்ஸோன், அக்காம்ப்ரோசேட்னு வேற மருந்தும் இருக்கு, அவரே வந்து டாக்டர பாத்தா எது ஒத்துவரும்னு சொல்லுவாங்க.

கேள்வி: 3 மாசம் தாக்குப்பிடிச்சேன், போன வாரம் அவ கூட சேர்ந்து குடிச்சிட்டேன். எல்லாம் போச்சு.

எதுவும் போகல தம்பி. எனக்கு 14வது மாசத்துல நடந்துச்சு. அன்னைக்கு சண்ட கூட இல்ல. ரொம்ப நாள் கழிச்சு அவரு சிரிச்சு பேசுனாரு, பழைய பாட்டு ஓடிட்டிருந்துச்சு, அந்த நெருக்கம் வேணும்னு இருந்துச்சு எனக்கு, அதுக்கு நுழைவு சீட்டு அந்த கிளாஸ் தான்னு தோணுச்சு. காலைல 6 மணிக்கு மீட்டிங்ல இருக்குற ஒரு அம்மாவுக்கு போன் பண்ணேன். அவங்க திட்டவே இல்ல, “சாப்டியா?”ன்னு கேட்டாங்க, அப்புறம் “தனியா இருந்தியா?”ன்னு கேட்டாங்க. பசி, கோபம், தனிமை, அசதி, இந்த நாலுல ஏதாவது ஒண்ணு தான் பெரும்பாலும் தள்ளி விடும். உங்களுக்கு எதுன்னு யோசிங்க. இன்னைக்கே ஒருத்தர் கிட்ட சொல்லிடுங்க, மறைச்சா அடுத்தது சீக்கிரம் வந்துடும்.

கேள்வி: ஆல்கஹால் இல்லாத பீர் குடிச்சிட்டு அவரு கூட உக்காரலாமா?

முதல் வருஷம் வேணாம்னு தான் சொல்லுவேன். பல பிராண்ட்ல 0.5 சதவீதம் வரைக்கும் இருக்கும். அளவு கம்மி தான், ஆனா அதே வாடை, அதே நுரை, அதே நாற்காலி.

கேள்வி: குடிச்சிட்டு பக்கத்துல வரும்போது வாய் நாத்தம், முத்தம் குடுத்தா எனக்கு ருசியே தெரியுது. சொன்னா கோபப்படுறாரு.

மறுக்குறதுக்கு முழு உரிமை உனக்கு இருக்கும்மா. நான் “குடிச்ச அன்னைக்கு தொடாதீங்க, குடிக்காத அன்னைக்கு நானே வரேன்”னு சொல்லி தனியா படுத்தேன். தண்டனையா சொல்லல, அந்த ருசி என்ன எங்க கொண்டு போகும்னு எனக்கு தெரியும். கோபப்பட்டாரு தான், அப்புறம் பழகிட்டாரு.

கேள்வி: குடிச்சா கை நீட்டுறாரு. மறுநாள் மன்னிப்பு கேக்குறாரு. கவுன்சிலிங் கூட்டிட்டு போனா சரியாகுமா?

முதல்ல நீங்களும் பிள்ளைங்களும் பத்திரமா இருக்கணும், மத்ததெல்லாம் அப்புறம். அடி நடக்குற வீட்ல ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்து கவுன்சிலிங் போறது ஆபத்து, அங்க சொன்னதுக்கு வீட்ல அடி விழும். முக்கியமான பேப்பர், கொஞ்சம் பணம், சாவி ஒரு பையில போட்டு நம்புற ஒருத்தர் வீட்ல வெச்சிடுங்க. குடிச்சவங்க எல்லாரும் அடிக்கிறதில்ல, அதனால குடிய விட்டா அடியும் நின்னுடும்னு காத்திருக்காதீங்க.

கேள்வி: அக்கா, கடைசில உங்க வீட்டுக்காரர் எப்படி விட்டாரு? நீங்க என்ன பண்ணீங்க?

என்னால தான் விட்டாருன்னு சொல்லமாட்டேன், அது உண்மையில்ல. ஒரு டாக்டர் நம்பர எழுதி மேஜை டிராயர்ல வெச்சிருந்தேன், ஒரே ஒரு தடவ தான் அவரு கிட்ட சொன்னேன், இருக்கு, எப்ப வேணும்னாலும் எடுத்துக்கோங்கன்னு. 6வது வருஷம் ஒரு நாள் காலைல, ஷேவ் பண்ணும்போது கை நடுங்கி கன்னத்துல வெட்டிக்கிட்டாரு, டவல அழுத்திப் பிடிச்சுட்டே வந்து “அந்த நம்பர் இன்னும் இருக்கா?”ன்னு கேட்டாரு. எடுத்து குடுத்தேன். போன் அவரே தான் பண்ணாரு, நான் பக்கத்துல கூட நிக்கல. இப்ப அவரு மீட்டிங் செவ்வாய்க்கிழமை, என்னோடது வியாழக்கிழமை. அங்க என்ன பேசுனீங்கன்னு ரெண்டு பேருமே கேட்டுக்கறதில்ல.