வகுப்பில் யார் தைப்பது?

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நான் ஈரோட்டில் தையல் வகுப்பு நடத்துகிறேன். கொஞ்ச நாளாக ஞாயிற்றுக்கிழமைகளில் பேட்ச்வொர்க் கில்ட் (துண்டுத்துணிகளை இணைத்துத் தைக்கும் போர்வை) வகுப்பை ஆன்லைனிலும் எடுக்கிறேன். மகளுக்காக டபுள் காட் அளவில் ஒரு கில்ட் தைத்துக்கொண்டிருந்தேன். அதையே வகுப்பிலும் தைத்துக் காட்டலாம் என்று ஆரம்பித்தேன். இப்போது என் கில்ட் பாதி முடிந்துவிட்டது, மாணவிகள் நான்காவது பிளாக்கை (துண்டுகளைச் சேர்த்துத் தைக்கும் ஒரு சதுரம்) தாண்டவில்லை. "இதுக்கு யூட்யூப்பே பார்த்துக்கலாமே மேடம்" என்று ஒருவர் சொல்லிவிட்டார். சமையல் நிகழ்ச்சி மாதிரி எல்லாவற்றையும் முன்பே தைத்துவைத்துக் காட்டுவதா, அவர்களோடு சேர்ந்தே தைப்பதா? மெஷின் இல்லாதவர்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள். கட்டணம் கேட்கவும் கூச்சமாக இருக்கிறது.

அன்புடன்,
ஒரு வாசகி

அன்புள்ள தோழிக்கு,

அந்த மாணவி சொன்னது உங்களுக்குச் சுருக்கென்று இருந்திருக்கும். ஆனால் அதில் நியாயம் இருக்கிறது. நீங்கள் தைப்பதை ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்ப்பதற்கு யூட்யூப் மேல்தான். வேண்டிய இடத்தில் நிறுத்தலாம், திரும்ப ஓட்டிப் பார்க்கலாம். அவர் தைத்த துணியைப் பார்த்து எங்கே இழுக்கிறது என்று யூட்யூப்பால் சொல்ல முடியாது, உங்களால் முடியும். மகளின் கில்ட்டை வகுப்பிலிருந்து எடுத்துவிடுங்கள். வாரநாளில் உங்கள் வேகத்தில் அது நகரட்டும்.

வகுப்புக்கு ஒரே பிளாக்கை நான்கு நிலையில் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்: வெட்டியது, வரிசைகள் தைத்தது, இஸ்திரி போட்டது, முழுசாகச் சேர்த்தது. ஒவ்வொன்றையும் காட்ட ஐந்து நிமிடம் போதும். அப்புறம் அவர்கள் தைக்கட்டும், நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு பாருங்கள். தையல்காரிக்கு இதுதான் ரொம்பக் கஷ்டம், எனக்குத் தெரியும்.

அவர்கள் நான்காவது பிளாக்கில் நிற்பதற்கு என் ஊகம், கால் இஞ்ச். ஜாக்கெட், சுடிதார் தைத்துப் பழகிய கை நம்முடையது. பின்னால் பிரித்துவிடலாம் என்று உள்ளே தாராளமாகத் துணி விட்டுத்தான் தைப்போம். கில்ட்டில் எல்லாத் தையலுக்கும் ஓரத்திலிருந்து கால் இஞ்ச்தான், ஒரு நூல் கூடக்கூடாது. கணக்குப் போட்டுக் காட்டினால்தான் மாணவிகள் நம்புவார்கள். இரண்டரை இஞ்ச் சதுரம் ஒன்பதை மூன்று மூன்றாக மூன்று வரிசையில் சேர்த்தால் ஆறரை இஞ்ச் பிளாக் வரவேண்டும். தையல் ஓரம் வெறும் 1/16 இஞ்ச் கூடினாலும் பிளாக் ஆறேகால் ஆகிவிடும். எட்டு பிளாக்கை வரிசையாக வைத்தால் இரண்டு இஞ்ச் காணாமல் போயிருக்கும். அவற்றைச் சேர்க்கும் தையல்களிலும் அதே தப்பு நடந்தால் இன்னும் ஒரு இஞ்ச் கிட்டத்தட்டப் போகும். பக்கத்து வரிசையை ஒழுங்காகத் தைத்திருந்தால் இரண்டும் எப்படிச் சேரும்?

இதைத் திரையில் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, அளந்துதான் பார்க்கவேண்டும். முதல் வகுப்பிலேயே ஒன்றரை இஞ்ச் அகலத்தில் மூன்று பட்டைகள் வெட்டி, நீளவாக்கில் சேர்த்துத் தைத்து, இஸ்திரி போடச் சொல்லுங்கள். நடுப்பட்டை சரியாக ஒரு இஞ்ச் இருக்கவேண்டும். மேலே ஸ்கேலை வைத்துப் போட்டோ எடுத்து அனுப்பட்டும். அது சரியாக வராதவரைக்கும் பிளாக் பக்கமே விடாதீர்கள். ஊசியிலிருந்து கால் இஞ்ச் அளந்து மெஷின் தட்டில் ஒரு டேப் ஒட்டிக்கொண்டால் பாதித் தொல்லை தீரும். இஸ்திரிப்பெட்டியை இழுத்துத் தேய்க்கக்கூடாது, தூக்கித் தூக்கி வைக்கவேண்டும் என்பதையும் சொல்லுங்கள். இழுத்தால் சதுரம் கோணிவிடும்.

கோணல் என்றதும் ஒன்று சொல்லவேண்டும். அமெரிக்காவில் அலபாமா மாநிலத்து கீஸ் பெண்ட் என்ற ஊரின் கறுப்பினப் பெண்கள், கிழிந்த வேலை உடுப்புகளில் தைத்த கில்ட்டுகள் 2002-இல் ஹூஸ்டனிலும் அப்புறம் நியூயார்க் விட்னி மியூசியத்திலும் மாட்டப்பட்டன. 2006-இல் தபால்தலையாகவும் வந்தன. நேர்கோடு அவற்றில் அபூர்வம். என்னிடம் படிக்கிற ஒருவர் தன் ஒவ்வொரு கோணல் தையலுக்கும் அந்தப் பெண்களைச் சாட்சிக்குக் கூப்பிடுவார்! அவர்கள் கோடு வளைந்தாலும் கில்ட் தட்டையாகப் படுக்கும், உங்களுடையது நடுவில் குடை மாதிரி எழும்புகிறதே என்பேன்.

மெஷின் இல்லாத இருவருக்கும் கவந்தி சொல்லிக்கொடுங்கள். கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில், எல்லாப்பூர், ஹலியாள் பக்கம் வாழும் சித்தி சமூகத்துப் பெண்கள் தைக்கும் போர்வை அது. ஆப்பிரிக்க வம்சாவளியினர் அவர்கள். அடியில் ஒரு பழைய புடவையை விரித்து, ஒரு மூலையில் தொடங்கி, துண்டுகளின் ஓரத்தை மடித்து வைத்து ஓட்டுத்தையலால் தைத்தபடியே ஓரம் சுற்றி வருவார்கள். சுற்றிச் சுற்றி உள்ளே போய் நடுவில் முடியும். பிளாக் கிடையாது, கால் இஞ்ச் கிடையாது, தனியாக பைண்டிங்கும் (ஓரத்தைச் சுற்றித் தைக்கும் பட்டை) வேண்டாம். முடித்த பிறகு நான்கு மூலையிலும் முக்கோணமாக மடித்த துணிகளை வைத்துத் தைப்பார்கள். அது இல்லாவிட்டால் போர்வை முழுமையாகாது என்பது அவர்கள் வழக்கம். ஒரு கைக்குட்டை அளவில் ஆரம்பிக்கச் சொல்லுங்கள். கேமராவுக்கும் இது தோது, கை மெதுவாகத்தானே போகிறது.

கேமரா விஷயத்தில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. போன் தலைக்கு மேலே, நீங்கள் பார்க்கிற திசையிலேயே துணி தெரிகிற மாதிரி இருக்கவேண்டும். எதிரிலிருந்து காட்டினால் எல்லாம் தலைகீழ். வெள்ளைத் துணியில் சிவப்பு நூல் போடுங்கள். மாணவிகள் காட்டும்போது பின்பக்கத்தையும் காட்டச் சொல்லுங்கள், தப்பெல்லாம் அங்கேதான் இருக்கும்.

உங்கள் ஊர்ப்பக்கம் திருப்பூர் பனியன் வெட்டுத்துணி எளிதாகக் கிடைக்கும், மாணவிகள் கொண்டுவருவார்கள். புதியவர்களுக்கு வேண்டாம், அது இழுபடும். ஒட்டும் கேன்வாஸ் வைத்தால்தான் அடங்கும். அடித்துணிக்குச் சென்னிமலைப் பெட்ஷீட் நல்லது, இணைப்பு இல்லாமல் அகலம் கிடைக்கும். ஒரு தடவை துவைத்து, சுருங்க விட்டுப் பயன்படுத்துங்கள்.

கட்டணம் கேளுங்கள், தாராளமாக. ஒவ்வொருவர் போட்டோவையும் உட்கார்ந்து பார்த்துப் பதில் எழுதும் நேரத்தையும் அதில் சேருங்கள். ஒரு பேட்ச்சில் ஆறு பேருக்கு மேல் வேண்டாம். யூட்யூப் மேடத்தையும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
அக்கா