மலிவான கொட்டேஷன் எப்போது மலிவு? வீடு, கடை கட்டுவோரின் கேள்விகள்

இந்த முறை வந்தவற்றில் பாதிக்கு மேல் கான்ட்ராக்டர் பற்றிய கேள்விகள்தான். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

சார், திருச்சியில் 1,200 சதுர அடி வீடு கட்டுகிறோம். மெட்டீரியலோடு சதுர அடிக்கு ஒருவர் 2,100, இன்னொருவர் 2,350, மூன்றாமவர் 2,700 ரூபாய் சொல்கிறார். 2,100-க்கே கொடுத்துவிடலாமா?

மூன்று பேரும் ஒரே வீட்டுக்குத்தான் ரேட் சொல்லியிருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். சம்ப், செப்டிக் டேங்க், கம்பவுண்ட் சுவர், கேட், மேல்தொட்டி இதெல்லாம் ரேட்டுக்குள்ளேயா வெளியேயா என்று 2,100 சொன்னவரிடம் கேளுங்கள், பெரும்பாலும் "அது தனி சார்" என்றுதான் வரும். அப்புறம் பரப்பு. போர்ட்டிகோவை முழுதாக எடுக்கிறாரா பாதியாகவா, படிக்கட்டு ஹெட்ரூம் (மாடியில் படிக்கு மேல் வரும் கூரை அறை) சேருமா, பால்கனி சேருமா? நீங்கள் 1,200 என்று நினைத்திருக்க அவர் கணக்கில் அது 1,380 ஆனால் மொத்தம் 28,98,000 ரூபாய். 2,350 சொன்னவர் 1,200-க்கே கணக்குப் போட்டிருந்தால் 28,20,000தான். இப்போது யார் மலிவு?

பேஸ்மென்ட், அதாவது வீட்டின் தரை நிற்கும் மேடை, அதன் உயரமும் இப்படித்தான். ரோட்டிலிருந்து இரண்டடியா மூன்றடியா என்பது காகிதத்தில் இருக்க வேண்டும், நம் ஊரில் ரோடு போடும்போதெல்லாம் அரையடி ஏறுகிறது. "தரமான டைல்ஸ்" என்று எழுதியிருந்தால் எழுதாததற்குச் சமம். "ஹால் டைல்ஸ் சதுர அடி 60 ரூபாய் வரை, அதற்கு மேல் வித்தியாசம் உரிமையாளர் பொறுப்பு" என்று இருந்தால்தான் பிடித்துக் கேட்க முடியும். கம்பி, சிமென்ட், ஒயர், பைப், சானிட்டரி எல்லாவற்றுக்கும் பிராண்டு பெயர் வேண்டும். நானே இதில் சறுக்கியிருக்கிறேன். என் சொந்த வீட்டில் ஸ்விட்ச் பாயின்ட் எண்ணிக்கையை எழுதாமல் விட்டேன், கடைசியில் கூடுதல் பாயின்ட் ஒவ்வொன்றுக்கும் தனி பில் வந்தது. முப்பது வருஷ சிவில் இன்ஜினியர் வீட்டிலேயே இந்தக் கதி!

லேபர் கான்ட்ராக்ட் லாபமா, மெட்டீரியலோடு கொடுப்பது லாபமா?

தினமும் சைட்டில் நிற்க ஆள் இருந்தால் லேபர். இல்லையென்றால் வேண்டாம். சொந்தமாக ஒரே ஒரு தனி வீடு கட்ட, கூலிக்கு மட்டும் ஒப்பந்தம் என்றால் அதற்கு ஜிஎஸ்டி கிடையாது, மெட்டீரியலோடு என்றால் 18 சதவீதம். சொன்ன ரேட்டில் அது அடங்குமா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். ஜிஎஸ்டி எண்ணே இல்லாதவர் தனியாக வரி கேட்டால் கொடுக்காதீர்கள், அவருக்கு வசூலிக்க உரிமை இல்லை.

மெட்டீரியலை நீங்களே வாங்குவதானால் கம்பியை எடை போட்டு இறக்குங்கள். 12 எம்எம் கம்பி மீட்டருக்கு 0.888 கிலோ, 12 மீட்டர் நீளக் கம்பி ஒன்று சுமார் 10.7 கிலோ வர வேண்டும். நான் பத்துக் கம்பியைத் தனியாக எடுத்து எடைமேடையில் வைக்கச் சொல்வேன். நூறு கிலோகூடத் தேறவில்லை என்றால் லோடு திரும்பிப் போகும்.

வேலை ஆரம்பிக்கும் முன்பே 30 சதவீதம் அட்வான்ஸ் கேட்கிறார். மனிதர் நல்லவராகத் தெரிகிறார்.

நல்லவராகவே இருக்கட்டும். 5 சதவீதம், மிஞ்சினால் 10, அதற்கு மேல் கொடுத்தால் உங்கள் பணம் அவருடைய முந்தைய சைட்டின் கடனை அடைக்கப் போய்விடும். பேஸ்மென்ட், லிண்டல் (கதவு, ஜன்னலுக்கு மேல் வரும் கான்கிரீட் பட்டை), ரூஃப் கான்கிரீட், பூச்சு, டைல்ஸ், பெயின்ட் என்று பிரித்து, ஒவ்வொரு கட்டமும் முடிந்த பிறகு பேங்க் வழியாகக் கொடுங்கள். கடைசி 5 சதவீதத்தை ஓர் ஐப்பசி மழை பார்த்த பிறகு கொடுப்பதாக ஒப்பந்தத்திலேயே போடுங்கள். முகம் சுளிப்பார்கள், ஆனால் மொட்டைமாடி ஒழுகுவது அப்போதுதான் தெரியும்.

ரூஃப் போட்டு ஐந்து நாள்தான் ஆகிறது. வேறு சைட்டுக்கு ஷீட் வேண்டும் என்று, கான்கிரீட்டைத் தாங்கி நிற்கும் சென்ட்ரிங்கைப் பிரிக்கப் பார்க்கிறார்.

விடாதீர்கள். கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 456-ன்படி 4.5 மீட்டர் வரை அகலமுள்ள ஸ்லாபுக்கு முட்டு குறைந்தது 7 நாள், அதற்கு மேல் 14. பீம் என்றால் 6 மீட்டர் வரை 14 நாள், தாண்டினால் 21. இதுவும் சாதாரண ஓபிசி சிமென்டுக்குத்தான். வீட்டு வேலைக்கு வருவது பெரும்பாலும் சாம்பல் கலந்த பிபிசி சிமென்ட், அது மெதுவாகத்தான் இறுகும், அதனால் நான் எந்த ஸ்லாபையும் 14 நாளுக்கு முன் தொட விடுவதில்லை. பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவதும் பிபிசிக்குக் குறைந்தது 10 நாள், வெயில் காலத்தில் 14. தண்ணீர் ஊற்றுவது யார் வேலை, மோட்டார் கரன்ட் பில் யாருடையது என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள், சிரிக்காதீர்கள், இதற்காகவே வேலை நின்ற சைட் எனக்குத் தெரியும்.

கோவையில் கீழே இரண்டு கடை, மேலே ஆபீஸ். எங்கள் வீட்டைக் கட்டிய மேஸ்திரியிடமே கொடுக்கலாமா?

கடை என்றால் முன்பக்கம் முழுக்க ஷட்டர், உள்ளே தூண் இல்லாத அகலம் வேண்டும் என்பீர்கள். கம்பி அளவை மேஸ்திரி "வழக்கமாப் போடறதுதான்" என்று முடிவு செய்யக் கூடாது. மண் பரிசோதனை, ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரின் டிராயிங் இரண்டும் கையில் இருந்தால் மேஸ்திரியும் கட்டலாம். அனுமதியை வணிகக் கட்டடம் என்றே வாங்குங்கள். 2,500 சதுர அடி மனையில் 3,500 சதுர அடி வரை சுயசான்று முறையில் உடனடி அனுமதி என்று 2024-ல் வந்தது குடியிருப்புக்கு மட்டும். வீடு என்று வாங்கிக் கடை வைத்தால் பிறகு வரியிலும் கரன்ட் கனெக்‌ஷனிலும் இடிக்கும். வேலையாட்களுக்கு கான்ட்ராக்டர் எடுத்த இன்ஷூரன்ஸ் பாலிசியின் நகலையும் வாங்குங்கள். ஒரே நிதியாண்டில் ஒரு கான்ட்ராக்டருக்கு 50 லட்சத்துக்கு மேல் போனால் டிடிஎஸ் (கொடுக்கும் பணத்திலேயே வருமான வரிப் பிடித்தம்) பிடிக்க வேண்டிவரும், ஆடிட்டரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

லிண்டல் வரை கட்டிவிட்டு இரண்டு மாதமாக ஆள் வரவில்லை, போனும் எடுப்பதில்லை. எங்கள் பணம் 14 லட்சம் அவரிடம். என்ன செய்வது?

கோபத்தில் உடனே அடுத்த கான்ட்ராக்டரை இறக்கிவிடாதீர்கள். அவர் கை வைத்துவிட்டால் பழையவர் எவ்வளவு செய்தார் என்பதை நிரூபிப்பது பெரும்பாடு. சம்பந்தமில்லாத ஓர் இன்ஜினியரை வைத்து முடிந்த வேலையை அளந்து மதிப்புப் போடுங்கள், தேதியோடு போட்டோ எடுங்கள், கட்டிய மதிப்பு இவ்வளவு, கொடுத்தது இவ்வளவு என்று வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள். பாதிப் பேர் நோட்டீஸ் கிடைத்ததும் பேச வந்துவிடுவார்கள். வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டத்தில் வீடு கட்டித் தருவதும் சேவைதான், பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் மனு போட வேண்டும். ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையமான ரெராவுக்குப் போகலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். சொந்த மனையில் கான்ட்ராக்டர் வைத்துக் கட்டும் வீடு அதில் வராது. நுகர்வோர் மனுவுக்கான அந்த இரண்டு வருஷம் ஓடிக்கொண்டிருக்கிறது, அளவெடுப்பை இந்த வாரமே முடித்துவிடுங்கள். லிண்டலுக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிகள் துருப்பிடிக்காமல் சிமென்ட் பால் அடித்து வையுங்கள்.